‘திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று கடை போட்டிருந்தால் பணம் போனதுதானா?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். மகன் பிறந்தபின் வரும் முதல் மே 5 இது. இங்கே அது குழந்தைகள் தினம். ஆண் பிள்ளை உள்ள வீடுகளில் சாமுராய் தலைக்கவசத்தை அலங்காரமாக வைப்பார்கள். நாங்களும் வைக்க ஆசைப்பட்டு, பழைய கலைப்பொருள் விற்கும் இணையக் கடை ஒன்றில் பீங்கானால் செய்த கபுதோ (அந்தத் தலைக்கவசம்) ஒன்றை 68,000 யென்னுக்கு வாங்கினோம். ‘குதானி பீங்கான், கையால் தீட்டியது, சேதம் இல்லை’ என்று பக்கத்தில் இருந்தது (குதானி என்பது ஜப்பானின் ஒரு வண்ணப் பீங்கான் வகை). ஊருக்குப் போயிருந்ததால் மூன்று வாரம் கழித்துத்தான் பெட்டியைத் திறந்தோம். நெற்றிக்கு மேல் நிற்கும் இரண்டு கொம்புகளில் ஒன்று உடைந்து, பசையால் ஒட்டி, மேலே பொன்வண்ணம் பூசியிருக்கிறது. கேட்டால், ‘திருப்பி எடுக்க மாட்டோம் என்று முன்பே போட்டிருக்கிறோம்’ என்கிறார்கள். பணம் போனதுதானா? தகராறு முடியும்வரை அதை வீட்டில் வைக்கலாமா?

பதில்: பணம் எங்கேயும் போய்விடவில்லை. கடை காட்டும் அந்த வரி, பொருள் பிடிக்காமல் திருப்பிக் கொடுக்கிறவருக்குத்தான் பொருந்தும். இணையத்தில் வாங்கியதற்கு ஜப்பானில் கூலிங் ஆஃப், அதாவது காரணம் சொல்லாமலே சில நாளுக்குள் ஒப்பந்தத்தைக் கைவிடும் உரிமை, கிடையாது. திருப்பி எடுப்பதைப் பற்றிக் கடை எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் 8 நாளுக்குள் உங்கள் செலவில் அனுப்பலாம். ‘எடுக்க மாட்டோம்’ என்று தெளிவாகப் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, அலமாரியில் அடங்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் கடை சொல்வதே சரி. உங்களுக்கோ சேதமில்லை என்று சொல்லி உடைந்ததை விற்றிருக்கிறார்கள். ஆகவே கடைக்கு எழுதும்போது ‘தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சாதீர்கள். ஒப்பந்தத்தில் சொன்ன பொருள் வரவில்லை என்று எழுதுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திருத்திய சிவில் சட்டத்தில் 562-ஆம் பிரிவைப் பாருங்கள். வந்த பொருள் ஒப்பந்தத்தோடு பொருந்தாவிட்டால் பழுது நீக்கித் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். ஆனால் ஒற்றைப் பழைய பொருளுக்கு மாற்று எங்கே கிடைக்கும்? உடைந்த பீங்கானை உடையாததாக ஆக்கவும் முடியாது. அப்படி வழியில்லாதபோது 563-ஆம் பிரிவின்படி நேராக விலைக்குறைப்பு கேட்கலாம். அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ‘சின்னக் குறைதானே’ என்று கடை வாதாடக்கூடும். அழகுக்கென்றே வாங்கிய பொருளில், முதலில் கண்ணில் படும் கொம்பே ஒட்டுப்போட்டது என்றால் அதைச் சின்னக் குறை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடைசலை அரக்கால் ஒட்டி, அந்தத் தழும்பின்மேல் பொன்தூள் தூவி எல்லோரும் பார்க்க விடும் கின்சுகி என்ற அருமையான கலை ஜப்பானில் உண்டு. அதைச் சொல்லி விற்றால் அதற்கும் மதிப்பிருக்கிறது. இங்கே நடந்தது மறைப்பு.

விற்றது கடை என்பதால் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டமும் உங்களுக்குத் துணை. முக்கியமான விஷயத்தில் உண்மைக்கு மாறாகச் சொல்லி வாங்க வைத்திருந்தால், உண்மை தெரிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் (ஒப்பந்தம் போட்டு 5 ஆண்டு தாண்டாதவரை) நீங்கள் ரத்து செய்யலாம். தன் இழப்பீட்டுப் பொறுப்பை முழுவதும் தட்டிக்கழிக்கும் நிபந்தனையைக் கடை போட்டிருந்தால் பொதுவாக அது செல்லாது. இதையே செயலி வழியாக ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அங்கே ‘புகார் ஏற்க மாட்டேன்’ என்ற நிபந்தனை பெரும்பாலும் நிற்கும். குறை தெரிந்தும் விற்பவர் மறைத்தார் என்று காட்டினால்தான் அந்த நிபந்தனை செல்லாமல் போகும்.

மூன்று வாரத் தாமதத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். குறை தெரிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் கடைக்குத் தெரிவித்தால் போதும். கூரியரில் உடைந்திருக்கும் என்று சொன்னால், கூரியர்காரர் பசை போட்டு வண்ணம் பூச மாட்டார் என்பதே பதில். வழியில் உடைந்திருந்தாலும், பொருள் உங்கள் கைக்கு வரும்வரை நஷ்டம் கடையுடையதுதான்.

இன்றே அந்த விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நாளை வாசகத்தை மாற்றிவிடலாம். கடையின் பெயர், முகவரி, பழையபொருள் வணிக உரிம எண் எல்லாம் படத்தில் வரட்டும். பெட்டியையும் பொதிக் காகிதத்தையும் எறியாதீர்கள். கொம்பைக் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். பல பசைகள் புற ஊதா விளக்கில் தனியாகத் தெரியும், அந்தப் படமும் நல்ல சான்று. கையால் தீட்டியது என்பதையும் உருப்பெருக்கியில் பாருங்கள். ஒழுங்கான நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு ஒட்டுப்படம். அச்சுப்படம் போட்ட குதானி சந்தையில் நிறைய வருகிறது, அதில் தப்பில்லை. ஆனால் கையால் தீட்டியது என்று சொல்லி விற்றிருந்தால் உங்கள் புகாரில் இன்னொரு வரி கூடும்.

அப்புறம் 188-ஐ அழையுங்கள். உங்கள் பகுதி நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். அவர்கள் கடையோடு பேசினாலே பல விவகாரங்கள் முடிந்துவிடும். முடியாவிட்டால், கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்பதற்கு அஞ்சலகமே சான்று தரும் உள்ளடக்கச் சான்று அஞ்சலில், அதாவது நைய்யோ ஷோமேயில், ரத்து அறிவிப்பு அனுப்புங்கள். அது ஜப்பானிய மொழியில்தான் இருக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சிறு தொகை வழக்கு. 6 லட்சம் யென் வரையிலான பண வழக்கை எளிய நீதிமன்றம் பெரும்பாலும் ஒரே நாளில் விசாரித்து முடிக்கும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 1,000 யென், அஞ்சல் செலவு தனி. விசாரணை ஜப்பானிய மொழியில் நடக்கும் என்பதால் முன்கூட்டியே ஹோதெராசு என்ற சட்ட உதவி மையத்தில் பேசிவிடுங்கள், அங்கே பல மொழிகளில் வழிகாட்டுகிறார்கள்.

மே 5-க்கு அதை வீட்டில் தாராளமாக வையுங்கள், ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில். ரத்து உரிமை இருப்பது தெரிந்தபின் உங்கள் கவனக்குறைவால் பொருள் பெரிதாகச் சேதமானால், 548-ஆம் பிரிவின்படி அந்த உரிமையை நீங்கள் இழக்க நேரும்.