மடக்குக் கத்தி வாங்குமுன்: பல் இல்லாத அலகு பற்றிக் கேள்வி பதில்

சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி, அதிலும் ரம்பம் போலப் பல் வெட்டாத அலகுள்ள கத்தி பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், கடையில பல் வெச்சது, பல் இல்லாதது, பாதிக்குப் பாதின்னு மூணு வகை காட்டுறாங்க. வீட்டுக்கும் மாடித்தோட்டத்துக்கும் எது எடுக்கலாம்?

பதில்: பல் இல்லாதது. வெட்டும்போது தெரிகிற வித்தியாசத்தைவிட, சாணை பிடிக்கும்போது தெரிகிற வித்தியாசம்தான் பெரியது. நேரான விளிம்பை ஒரு தட்டைக் கல்லில் வைத்து வீட்டிலேயே கூராக்கிவிடலாம். பல் வைத்ததில் ஒவ்வொரு குழிக்குள்ளும் அதன் அளவுக்கேற்ற கூம்புக் கம்பியை விட்டுத் தீட்ட வேண்டும். அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால் பல் கத்தி ஒருமுறை மழுங்கினால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

தோட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோஜாவிலோ மாவிலோ ஒட்டுக்கட்டும்போது வெட்டுவாய் வழவழப்பாக இருந்தால்தான் இரண்டு தண்டுகளின் பட்டையடிப் பச்சைத் திசு ஒன்றோடொன்று படிந்து கூடும். பல் கத்தி தண்டைக் கிழித்துவிடும்.

பாதிக்குப் பாதி வகையை நான் சிபாரிசு செய்வதில்லை. கை அதிக பலம் கொடுக்கக்கூடிய இடம் பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி. அந்த இடத்தையே பற்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: அண்ணே, படகுல நனைஞ்ச நைலான் கயிறு அறுக்கணும். பல் இல்லாட்டி வழுக்குமே?

பதில்: கண்ணாடி போல மெருகேற்றிய விளிம்பு வழுக்கும், உண்மைதான். அதற்கு மெருகேற்றாமல் விடுவதே வழி. 400 நம்பர் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள் (நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும்), தோல்வாரில் தீட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விளிம்பில் மிஞ்சும். அது நாரைப் பிடித்து இழுத்து அறுக்கும். அழுத்தினால் போதாது, அலகின் முழு நீளத்தையும் கயிற்றின் மேல் இழுக்க வேண்டும். வலையில் கால் சிக்கினால் நொடியில் அறுத்தாக வேண்டும் என்ற நிலைமை இருந்தால் மட்டும், பல் வைத்த ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது சரி.

கேள்வி: "நேர் விளிம்பு" என்றால் வளைவே இருக்கக் கூடாதா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு பொருளிலும் புழங்குவதால் வரும் குழப்பம் இது. பெரும்பாலும் 'பல் இல்லாதது' என்றே பொருள். இன்னொன்று, விளிம்பு ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோடாக ஓடி, முதுகு வளைந்து முனையில் வந்து சேரும் வடிவம். ஷீப்ஸ்ஃபுட் என்பார்கள். மாலுமிகளின் கத்தியில் இந்த வடிவம் அதிகம், ஏனென்றால் ஆடும் கப்பலில் கூர்முனை இருந்தால் ஆளையோ பாயையோ குத்திவிடும். அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, மரம் செதுக்க இது அருமை. பழம் உரிக்க, மீன் கறி நறுக்க, முனைப் பக்கம் கொஞ்சம் வயிறு வளைந்த அலகே வசதி. ஒரே கத்திதான் என்றால் வளைவுள்ளதை எடுங்கள்.

கேள்வி: சென்னை பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர். எந்த ஸ்டீல்?

பதில்: ஸ்வீடனின் 12சி27 போன்ற எளிய ஸ்டெயின்லெஸ் போதும். கார்பன் ஸ்டீல் சுலபமாகக் கூராகும், ஆனால் எலுமிச்சையும் மாங்காயும் பட்ட சில நிமிடத்தில் கறுக்கும், உப்புக்காற்றில் ஒரே இரவில் துருப்புள்ளி விழும். டி2 என்று எழுதியிருந்தால் கவனம். துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் 12 சதவீதம் போல இருந்தாலும், கார்பன் 1.5 சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்கிறது. முழு ஸ்டெயின்லெஸ் போல அது நடந்துகொள்ளாது.

ஸ்டீலின் பெயரைவிட முக்கியம், விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியது என்பது. விலை உயர்ந்த ஸ்டீலில் 4 மி.மீ. தடிமனான அலகு கேரட்டை வெட்டாது, பிளக்கும். 2 மி.மீ. முதுகிலிருந்து சீராக மெலிந்து வரும் சாதாரண ஸ்டீல் அதைச் சுத்தமாகச் சீவும். கடையில் கத்தியை நுனிப்பக்கமிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: பூட்டு அவசியமா? என்ன சோதிக்க வேண்டும்?

பதில்: ஸ்விஸ் விக்டோரினாக்ஸின் சிறிய கத்திகளில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். பழம், காகிதம், கயிறு வரை அது போதும். குத்தித் துளை போடவோ முதுகில் அழுத்தம் வரும் வேலையோ செய்தால் அலகு மடங்கி விரலில் விழும். அந்த வேலைக்குப் பூட்டு வேண்டும்.

உள்ளே ஒரு தகடு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும் வகை என்றால், தகடு அலகின் அடிப்பாகத்தில் கால்பங்கிலிருந்து பாதி வரை ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் நழுவும். புதுக் கத்தியிலேயே மறுகோடி வரை போயிருந்தால் தேய்மானத்துக்கு இடமில்லை. பிறகு, விரித்த அலகை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்தைத் திருகு இறுக்கிச் சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை, அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

கேள்வி: ஐயா, ஒப்பினெல் 8 வைத்திருக்கிறேன். மழை வந்தால் அலகு வெளியே வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி உப்பி, பிளவின் இரு பக்கமும் அலகை நெருக்குகிறது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த கத்தி அது. அங்கே பழகிய கைவைத்தியமும் உண்டு. வளையப் பூட்டைத் திறந்துவிட்டு, பிடியின் அடிக்கோடியை மேசையில் தட்டுங்கள். அலகு சற்று எட்டிப் பார்க்கும், பிடித்து இழுக்கலாம். நிரந்தரத் தீர்வுக்கு, நன்றாகக் காய்ந்த நாளில் பிளவின் உட்சுவரை 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துக் காயவையுங்கள். மூன்று நாள் இப்படி. எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள். வெயிலில் கத்தியை வைத்து அவசரமாக உலர்த்தினால் பிடி வெடிக்கும்.

கேள்வி: கல்லில் அரை மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பதில்: அரிவாள், அரிவாள்மணைக்கு அவர் சரி. மெல்லிய அலகு உலர்ந்த சக்கரத்தில் நொடியில் சூடேறும். விளிம்பு நீலமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கூர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிசிறு, அதாவது தேய்க்கும்போது மறுபக்கம் மடிந்து எழும் மெல்லிய உலோக ஓரம், எழும் முன்பே பக்கத்தை மாற்றிவிடுவது. விளிம்பு முழுக்க மார்க்கர் மையைப் பூசுங்கள். அலகு 20 மி.மீ. அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. தூக்குங்கள், ஏறக்குறைய 15 டிகிரி வரும். நாலு முறை இழுத்துப் பாருங்கள். மை விளிம்பில் அழியாமல் மேலே மட்டும் அழிந்திருந்தால் கோணம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். 400 கல்லில் ஒரே பக்கத்தைத் தேய்த்து, மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கி வருடினால் நுனி முதல் அடி வரை மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். ஒரு இடத்தில் இல்லையென்றாலும் அங்கே வேலை முடியவில்லை என்று பொருள். பிறகுதான் மறுபக்கம். அடுத்து 1000 கல்லில் பாதி அழுத்தத்தோடு இதையே செய்து, கடைசியில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என மாறிமாறிப் பத்து இழுப்பு. பிசிறு போகவேண்டும். அது மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தால், முதல் தக்காளிக்குக் கூராகவும் இரண்டாவதற்கு மொட்டையாகவும் இருக்கும்.

கேள்வி: டமாஸ்கஸ் அலகு வாங்கலாமா? நம்ம ஊர் உருக்குதானே அது?

பதில்: தென்னிந்தியாவில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவை) உருக்கிச் செய்த எஃகு மேற்காசியா போய் வாளானது வரலாறு. இன்று மடக்குக் கத்தியில் வருவது வேறு: இரண்டு எஃகுகளை அடுக்கி அடித்து அமிலத்தில் தோய்த்த கோலம். அழகுக்கு வாங்கலாம், அதனால் வெட்டுத்திறன் அதிகமாகாது. கோலம் முதுகிலும் தொடர்ந்து ஓடுகிறதா பாருங்கள். பக்கங்களில் மட்டும் இருந்தால் மேலே பொறித்த படமாக இருக்கலாம்.

கேள்வி: லண்டனில் படிக்கும் தம்பிக்கு ஒப்பினெல் 8 அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க, மடக்குக் கத்தியின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பூட்டும் இருக்கக் கூடாது. ஒப்பினெல் 8-இன் அலகு 8.5 செ.மீ., பூட்டு வளையமும் உண்டு. இரண்டிலும் தவறும். பூட்டில்லாத சிறிய விக்டோரினாக்ஸ் சரியாகும். இங்கிருந்து விமானத்தில் எடுத்துப் போனால் கைப்பையில் விடமாட்டார்கள், சரக்குப் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: வெற்றிலைப் பாக்கு சீவலாமா இதில்?

பதில்: கொட்டைப்பாக்கு கூடாது. மெல்லிய விளிம்பு பல் பல்லாக உதிரும், வழுக்கினால் கையில் ஏறும். பாக்குவெட்டிதான்.

கேள்வி: கீலுக்கு என்ன எண்ணெய்?

பதில்: பழம் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரே ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது. நல்லெண்ணெய் சில வாரத்தில் பிசினாகி இறுகும். தேங்காயெண்ணெய் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உறைந்து அலகைத் திறக்கவிடாது. எண்ணெய் விடும் முன் பையிலிருந்து சேர்ந்த நூல்தூசியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். பூட்டு சரியாக விழாததற்குப் பாதி நேரம் அந்தத் தூசிதான் காரணம்.