வீடு ஏலம் போன பிறகும் வங்கிக்குப் பாக்கி கட்ட வேண்டுமா?

வீடு போனதோடு கடனும் தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, ஏலத் தொகை போதாவிட்டால் மீதியை வங்கி கேட்கலாம். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 32 லட்சம் பாக்கி, ஏலத்தில் வந்தது 26 லட்சம் என்றால், 6 லட்சம் இன்னும் உங்கள் தலையில்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் அது விடாது. ஆனால் அதை வசூலிக்க வங்கி, கடன் வசூல் தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டும். வாசலில் ஆள் நிறுத்தி மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

ஏலத்தில் கூடுதலாக வந்தால் மிச்சப் பணம் உங்களுடையது. இதைப் பலர் கேட்பதே இல்லை! கணக்கை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016 திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியாவதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லும் முதல் நோட்டீஸே முறையாக வரவில்லை என்பது போன்ற குறை இருந்தால், இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள்தான் கெடு. அதனால் வந்த கடிதங்களை உறையோடு எடுத்துக்கொண்டு உடனே வக்கீலைப் பாருங்கள். உறையில் உள்ள தபால் முத்திரைத் தேதியும் சாட்சிதான்.