கிங்ஸ்டனுக்கு இரண்டு நாள் ஒதுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மிசிசாகாவில் இருக்கிறோம். ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். நயாகரா போன முறையே பார்த்தாயிற்று. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. பையனுக்கு 11 வயது. ஏரிக்கரையில், வரலாறும் உள்ள சின்ன ஊர் என்று கிங்ஸ்டனைச் சொல்கிறார்கள். இரண்டு நாள் அங்கே தங்குகிற அளவுக்கு விஷயம் இருக்கிறதா? ஆயிரம் தீவுப் படகுச் சவாரி கட்டாயம் போகத்தான் வேண்டுமா?

பதில்: தாராளமாகத் தங்கலாம். அதுவும் வரலாறு சொல்லிக்கொடுத்த ஒருவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இரண்டு நாள் குறைவாகக்கூடப் படும். படகுச் சவாரி கட்டாயம் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கிளம்பும் முன் அப்பாவோடு உட்கார்ந்து வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஒன்டாரியோ ஏரி முடிந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு தொடங்கும் வாயில் கிங்ஸ்டன் இருக்கிறது. வடக்கிலிருந்து கட்டராக்கி ஆறும் அங்கேதான் வந்து சேர்கிறது. தெற்கே தண்ணீருக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. மூன்று நீர்வழிகள் கூடும் இந்த முனையை யார் வைத்திருக்கிறார்களோ, உள்நாட்டு வியாபாரம் அவர்கள் கையில். ஊரில் இன்று நீங்கள் பார்க்கப்போகும் கோட்டை, கால்வாய், காவல் கோபுரம் எல்லாமே, எதிரி தண்ணீரைக் கடந்து வந்துவிடுவான் என்ற பயத்தில் எழுந்தவை. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் பையனுக்கும் எல்லாம் ஒரே கதையாகப் புரியும்.

பூர்வகுடிகள் இந்த இடத்தைக் கட்டரோக்வி என்று அழைத்தார்கள். 1673இல் பிரெஞ்சு ஆளுநர் ஃபிரோன்டனாக் இங்கே ஒரு கோட்டை கட்டினார். மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காகத்தான். 1758இல் பிரிட்டிஷ் படை அதைப் பிடித்துத் தகர்த்தது. அதன் அடிச்சுவர் கொஞ்சம் தோண்டி எடுக்கப்பட்டு, நகரின் நடுவே ஒரு தெருமுனையில் திறந்தவெளியில் கிடக்கிறது. காரிலிருந்து இறங்கினால் ஐந்து நிமிட வேலை, அப்பாவுக்குக் காட்டாமல் விடாதீர்கள்.

அமெரிக்கப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள் 1783, 84இல் இங்கே வந்து குடியேறினார்கள். ஊருக்குக் கிங்ஸ்டன் என்ற பெயர் 1788இல் வந்தது. அந்தக் காலத்தின் பெரிய ஆளுமை மோலி பிரான்ட் என்ற மோஹாக் பூர்வகுடிப் பெண். பிரிட்டிஷாருக்கும் தன் மக்களுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடத்திய தலைவி. 1796இல் கிங்ஸ்டனிலேயே இறந்தார். பள்ளிப் புத்தகங்களில் அவருக்கு இன்னும் அதிக இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

1812இல் அமெரிக்காவோடு போர் வந்தபோது இங்கே ஏற்கெனவே இருந்த கப்பல் கட்டும் தளம் பெரிதாக வளர்ந்தது. 1814இல் அங்கே கட்டி இறக்கிய செயின்ட் லாரன்ஸ் போர்க்கப்பலில் 112 பீரங்கிகள். டிரஃபால்கர் போரில் நெல்சன் ஏறிய விக்டரி கப்பலில் இருந்தவை 104தான். ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே முடிந்த கப்பல் அது. ஒரு சண்டைகூடப் போடவில்லை, ஏனென்றால் அதைப் பார்த்த பிறகு எதிர்த்தரப்புக் கப்பல்கள் வெளியே வரவே இல்லை. அந்தத் தளம் இருந்த முனையில்தான் 1876இல் தொடங்கிய ராணுவக் கல்லூரி இப்போது இருக்கிறது.

போர் முடிந்தும் பயம் போகவில்லை. மாண்ட்ரியலிலிருந்து கிங்ஸ்டனுக்குப் படை, சாமான் எது வருவதென்றாலும் எல்லையை ஒட்டி ஓடும் செயின்ட் லாரன்ஸ் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழியை எதிரி அடைத்துவிட்டால்? அதற்கு மாற்றாக, உள்நாட்டுக்குள்ளேயே ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டருக்கு ரிடோ கால்வாய் வெட்டினார்கள். லெப்டினன்ட் கர்னல் ஜான் பை தலைமையில் 1826இல் தொடங்கி 1832இல் முடிந்தது. வேலை செய்தவர்களில் சுமார் ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள், அதில் பலர் மலேரியாவால். பனி கொட்டும் கனடாவில் மலேரியாவா என்று அப்பா கேட்பார். கோடைச் சதுப்பில் அந்தக் கொசுவும் இருந்தது. ஊருக்கு வடக்கே சில நிமிடக் கார் பயணத்தில் கிங்ஸ்டன் மில்ஸ் என்ற இடத்தில் நான்கு மதகுக் கதவு அடைப்புகள் இருக்கின்றன. படகு ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதைப் புல்வெளியில் உட்கார்ந்தே பார்க்கலாம். அம்மாவுக்கு ஏற்ற இடம் இது.

கால்வாயின் வாயைக் காக்கத்தான் ஃபோர்ட் ஹென்றி. இப்போது நிற்கும் கோட்டை 1832க்கும் 1837க்கும் இடையில் கட்டியது. அதன் மீது யாரும் படையெடுக்கவே இல்லை. ஆனால் இரண்டு உலகப் போர்களிலும் ஆட்களை அடைத்துவைத்தார்கள். முதல் போரில் அடைபட்டவர்களில், ஆஸ்திரியப் பேரரசின் குடிமக்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்துவரப்பட்ட உக்ரைனியக் குடியேறிகளும் உண்டு. பீரங்கி வெடியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், இந்தப் பகுதியையும் பையனுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலையை முழுதாகக் கோட்டைக்கே கொடுத்துவிடுங்கள். 1867 காலச் சீருடையில் இளைஞர்கள் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் பீரங்கிச் சுடுதலும் செய்து காட்டுவார்கள். 11 வயதுப் பையனை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். ஆகஸ்டில் சில மாலைகளில் அந்தி மறையும் நேரத்து அணிவகுப்பு தனியாக நடக்கும். தேதியைப் பார்த்து, முடிந்தால் உங்கள் பயணத்தையே அதற்கு ஏற்ப வையுங்கள். கோட்டை மேட்டிலிருந்து ஏரியும் ஆறும் ஊரும் ஒரே பார்வையில் தெரியும். வரைபடத்தில் பார்த்ததை அங்கே நேரில் காட்டலாம். உள்ளே கல் பாவிய தரையும் படிகளும் உண்டு என்பதால் அம்மாவை மேலேயும் கீழேயும் அலைய விடாமல் அணிவகுப்பு நடக்கும் முற்றத்தில் உட்கார வைத்துவிடுங்கள்.

கரையோரமாக உருண்டையான குட்டைக் கோபுரங்களைப் பார்ப்பீர்கள். மார்டெல்லோ கோபுரங்கள் என்பார்கள். 1840களில் அமெரிக்காவோடு வந்த ஆரிகன் எல்லைத் தகராறில் மறுபடி போர் வரும் என்று பயந்து அவசரமாகக் கட்டியவை. அப்போதும் போர் வரவில்லை. இந்தக் கோபுரங்களையும் கோட்டையையும் கால்வாயையும் சேர்த்து 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இடையில் ஊருக்கு ஒரு பெரிய வாழ்வு வந்து போனது. 1841இல் ஒன்றிணைந்த கனடா மாகாணத்துக்குக் கிங்ஸ்டன்தான் முதல் தலைநகர். நாடாளுமன்றத்துக்குக் கட்டடம் இல்லாமல் பொது மருத்துவமனைக் கட்டடத்தில் கூடினார்கள். ஊரார் பெரிய நம்பிக்கையோடு ஏரியைப் பார்த்தபடி ஒரு பிரம்மாண்டமான நகர மண்டபத்தை எழுப்பினார்கள். வடிவமைத்தவர் ஜார்ஜ் பிரவுன். கட்டி முடிக்கும்போது, 1844இல், தலைநகர் மாண்ட்ரியலுக்குப் போய்விட்டது. எல்லைக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு சின்ன ஊரில் அரசு இருக்கக்கூடாது என்று நினைத்தார்கள். தலைநகர் போனாலும் குவிமாடத்தோடு அந்தச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் மண்டபம் நின்றுவிட்டது. இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் அதுதான். ஊர் முழுக்க இந்தக் கல்லைப் பார்ப்பீர்கள். பூமிக்கு அடியிலேயே கிடைத்தது, 1840இல் பெரிய தீ வந்த பிறகு மரத்தை விட்டுக் கல்லுக்கு மாறினார்கள். அதனால்தான் சுண்ணாம்புக்கல் நகரம் என்ற பெயர்.

முதல் நாளை இங்கிருந்து தொடங்குங்கள். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சதுக்கத்தில் 1801 முதல் சந்தை கூடுகிறது. செவ்வாய், வியாழன், சனி என மூன்று நாள்தான், எனவே நீங்கள் ஊரில் இருக்கும் இரண்டு நாளில் ஒன்றாவது அந்தக் கிழமையாக இருக்கட்டும். எதிரே பூங்காவில் 1913இல் இதே ஊரில் செய்த நீராவி ரயில் எஞ்சின் நிற்கிறது. பக்கத்தில் உள்ள பழைய ரயில் நிலையம்தான் இப்போது சுற்றுலாத் தகவல் நிலையம். அங்கிருந்து சிவப்பு நிற ட்ராலி வண்டி ஊரைச் சுற்றிவரும். அம்மாவுக்காகவே அந்தச் சீட்டை வாங்குங்கள். உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடுவார்.

கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்ட் வளர்ந்ததும் வழக்கறிஞரானதும் இங்கேதான். அவர் 1848, 49இல் குடியிருந்த பெல்வியூ இல்லம் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024இல் திறந்தது. நாட்டை உருவாக்கியவர் என்ற பெருமையோடு, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளிலும் சீனர்கள் மீது விதித்த தலைவரியிலும் அவருக்கு இருந்த பங்கையும் அங்கே சொல்கிறார்கள். நகரப் பூங்காவிலிருந்த அவர் சிலையை 2021 ஜூனில் எடுத்துவிட்டார்கள். அப்பாவோடு நீண்ட நேரம் பேச இந்த ஒரு வீடு போதும்.

அப்புறம் சிறைச்சாலை. கிங்ஸ்டன் பெனிடென்ஷரி 1835இல் திறந்து 2013இல் மூடியது. 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ்கூட வந்து பார்த்தார். 1840களில் எட்டு வயதுச் சிறுவனைக்கூட அடைத்துச் சவுக்கால் அடித்திருக்கிறார்கள். அது விசாரணைக் குழுவின் அறிக்கையில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. 1971 ஏப்ரலில் நான்கு நாள் கலவரம் நடந்தது. இப்போது வழிகாட்டியோடு உள்ளே போகலாம், முன்பதிவு அவசியம். நின்றும் நடந்தும் ஒன்றரை மணி நேரம் ஆகும், அம்மாவுக்கு வேண்டாம். சிறைக்கு ஒட்டியபடியே, 1976 ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்காகக் கட்டிய படகுத்துறை இருக்கிறது. நீங்களும் அம்மாவும் அங்கே காற்று வாங்குங்கள், அப்பாவும் பையனும் போய் வரட்டும். பையன் பயந்த சுபாவம் என்றால், சிறைக்குப் பதில் கிரேட் லேக்ஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். 1907இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கீவாட்டின் என்ற பயணிகள் நீராவிக் கப்பல் 2023இல் அங்கே வந்து சேர்ந்தது. டைட்டானிக்கைவிட மூத்தது. மர வேலைப்பாடும் சாப்பாட்டுக் கூடமும் அப்படியே இருக்கின்றன.

இப்போது படகு விஷயம். வெறும் தண்ணீர்ப் பயணம்தான் ஆசை என்றால் உல்ஃப் தீவுக்குப் போகும் பயணிகள் படகில் ஏறுங்கள். மாகாண அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது. நகரின் நடுவிலிருந்தே கிளம்பி சுமார் 20 நிமிடத்தில் தீவில் இறக்கிவிடும். கோடையில் காருக்கு நீண்ட வரிசை நிற்கும், எனவே காரை நகரில் விட்டுவிட்டு ஆட்களாக ஏறுங்கள். இறங்கிய இடத்திலேயே சின்னக் கிராமம், உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பலாம். தூரத்தில் 86 காற்றாலைகள் சுழல்வது தெரியும். மாலைப் படகில் திரும்பும்போது கல் கட்டடங்களும் குவிமாடமும் வெயிலில் மஞ்சளாகத் தெரியும். ஆகஸ்டிலும் ஏரிக்காற்று குளிரும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

ஆயிரம் தீவுகள் உண்மையிலேயே அழகுதான். 1,800க்கும் மேற்பட்ட தீவுகள், தேய்ந்துபோன பழைய கருங்கல் மலைத்தொடரின் உச்சிகள் அவை. ஆனால் தீவுகள் நெருக்கமாக இருப்பது 30 கிலோமீட்டர் கிழக்கே கனனோக்வே பக்கம். மூன்றாவது நாள் இருந்தால் அங்கே போய்ப் படகு ஏறுங்கள். ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். போல்ட் கோட்டை என்ற மாளிகைத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம். அங்கே இறங்கிப் பார்க்கும் சீட்டு வாங்கினால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை உண்டு. இந்தியக் கடவுச்சீட்டோடு கனடா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசாவும் இருந்தால்தான் இறங்க முடியும். இல்லையென்றால் இறங்காமல் சுற்றிவரும் சவாரியை மட்டும் எடுங்கள். உல்ஃப் தீவின் மறுகரையிலிருந்து போகும் இன்னொரு படகும் அமெரிக்காவுக்குத்தான், அதிலும் தெரியாமல் ஏறிவிட வேண்டாம்.

பையன் ஏரியில் குளிக்க ஆசைப்பட்டால், பிரேக்வாட்டர் பூங்காவில் கோர்ட் டௌனி பெயரில் ஒரு துறைமேடை இருக்கிறது. ஊரின் செல்லப் பிள்ளையாக இருந்த பாடகர் அவர், 2017இல் மறைந்தார். மேடையிலிருந்து குதிக்கும் இடம் ஆழம். நீச்சல் நன்றாகத் தெரியாவிட்டால் பக்கத்தில் உள்ள கூழாங்கல் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பிரின்சஸ் தெருவில் இந்திய உணவகமும் உண்டு, தாய்லாந்து, கம்போடியச் சாப்பாடும் கிடைக்கும்.

பயணத்துக்கு, பெரியவர்களோடு போவதால் காரே நல்லது. டொரன்டோவிலிருந்து 260 கிலோமீட்டர். ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் நிலையம் நகரிலிருந்து தள்ளி இருக்கிறது, டாக்ஸியோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். போகும்போது 401 நெடுஞ்சாலையில் போங்கள், வெள்ளி மதியத்துக்குப் பிறகு மட்டும் கிளம்பாதீர்கள். திரும்பும்போது நேரம் இருந்தால் ஏரியை ஒட்டிய 33ஆம் சாலையைப் பிடியுங்கள். வழியில் கிளெனோரா படகில் காரோடு இலவசமாகத் தண்ணீரைக் கடக்கலாம். கடந்ததும் மேட்டின் மேல் ஒரு ஏரி இருக்கிறது, கீழே தெரியும் ஒன்டாரியோ ஏரி நீரைவிட சுமார் 60 மீட்டர் உயரத்தில். கார் நிறுத்துமிடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் அம்மாவும் பார்த்துவிடலாம்.

விடுதியை இப்போதே பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கூட்டத்தில் அறை கிடைப்பது அரிது. முடிந்தால் மாதத்தின் முதல் பாதியிலேயே போய்விடுங்கள்.