நகல் எடுத்துப் பழகட்டும், விடுங்கள்

மகள் எண்ணெய் வண்ணத்தில் மனித முகம் வரையக் கற்கப் போகிறாளாம். அதையும் 200 வருடப் பழைய ஓவியங்களைப் பார்த்து நகல் எடுத்தே கற்பாளாம். கையில் இருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்தை விடுகிறாளே என்று பெரியப்பா கொதிக்கிறார். உங்கள் கடிதத்தின் சுருக்கம் இதுதான். பதற்றம் புரிகிறது. ஆனால் நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவது பெரியப்பா இல்லையே! கம்ப்யூட்டர் படிப்பின் பெருமையைச் சொல்ல ஊரே இருக்கிறது; அதை விட்டுவிடுகிறேன்.

"காப்பியடிப்பது ஒரு படிப்பா?" என்று அவர் கேட்டாராம். பழைய கிரேக்க, ரோமக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட நவசெவ்வியல் பாணியில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், இத்தாலிய ஓவியர் ரஃபேலை நகலெடுத்துப் பழகியவர். அந்த ஆங்க்ரைப் பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர் டெகா நகலெடுத்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் அனுமதி வாங்கி ஓவியத்தின் முன் நின்று நகலெடுக்கலாம். மூலத்தின் அதே அளவில் மட்டும் வரையக் கூடாது.

எதில் தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்க்ர் 1806-ல் வரைந்த காரொலின் ரிவியேர் என்ற இளம்பெண்ணின் முகம் பார்க்க எளிது. நிழலே இல்லாதது போலிருக்கும். அதனாலேயே அது ஆரம்பத்துக்கு ஆகாது. அவரே 1832-ல் வரைந்த பெர்த்தேன் என்ற பத்திரிகை அதிபரின் படத்தில் ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. அதை எடுக்கட்டும். ஆங்க்ரின் ஆசிரியரான டேவிட் 1800-ல் பாதியில் விட்ட மதாம் ரெக்காமியே படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், முடிக்காத இடங்களில் அடிப்பூச்சு எவ்வளவு மெல்லியது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் சில மாதம் கரிக்கோல் மட்டும். அப்புறம் டர்பன்டைனில் கரைத்த ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தால் ஒளி-நிழலைப் போட்டு, காய்ந்த பிறகே நிறம். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பூச்சில் வெடிப்பு விழும். கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் அந்த விரலகல இடத்தைக் கறுப்பைக் கலந்து சமாளித்தால் முகம் அழுக்காகிவிடும். அங்கே லேசான சாம்பல் சாயலைக் கண்டுபிடிக்கத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

இந்தக் கண்பழக்கம் உருவப்படம் வரைவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் வேலை ஒன்று இருக்கிறது. உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும். பூசியது பின்னாளில் மூலம் கெடாமல் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கான மேற்படிப்புகள் பலவற்றில் வேதியியல் கேட்பார்கள். ஆகவே கெமிஸ்ட்ரியைக் கைவிட வேண்டாம் என்று அவளிடம் கறாராகச் சொல்லுங்கள்.

பண விஷயத்திலும் கறார்தான். ஒரு முகத்தை முழுதாக முடிக்கும்வரை வெளிநாட்டு அகாடமி, கடன் என்ற பேச்சே வேண்டாம். பெரிய வண்ணப்பெட்டியும் தேவையில்லை: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, ரா அம்பர், கறுப்பு போதும். நச்சுள்ள ஈய வெள்ளை வேண்டவே வேண்டாம். வண்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

வரையப் பிடிக்குமா என்று அவளைக் கேட்காதீர்கள், பிடிக்கும் என்றுதான் சொல்வாள். மூன்றாவது வாரமும் அதே காதுமடலோடு மல்லுக்கட்டுகிறாளா என்று பாருங்கள். சலித்துப் போனால் திட்டாமல் வேறு வழி பேசலாம். சலிக்கவில்லை என்றால் குறுக்கே நிற்காதீர்கள்.