தெரு நிஜம், கடை கற்பனை

நான் எழுதும் தொடர்கதையில் நிஜ உணவகத்தின் பெயரையே வைத்துவிட்டேன், மூன்றாம் பாகத்தில் அங்கே விஷக்கொலை வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பெயரை இப்போதே மாற்றிவிடுங்கள். கடைக்காரர் பிழைப்பு அது. வழக்கு வரைகூடப் போகலாம்.

தெரு நிஜமாகவே இருக்கட்டும். துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் கதை முகவரி லண்டன் பேக்கர் தெரு 221பி. தெரு நிஜம், ஆனால் 1887-இல் அவர் அறிமுகமானபோது அங்கே 221 என்ற இலக்கமே கிடையாது! சும்மா உட்கார்ந்து குடிக்கும் காட்சிக்கு நிஜப் பெயர் தனி அழகு. இயன் ரேங்கினின் துப்பறியும் நாவல்களில் இன்ஸ்பெக்டர் ரீபஸ் போகும் ஆக்ஸ்ஃபோர்டு பார் என்ற மதுக்கடை, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் யங் தெருவில் உண்மையாகவே இருக்கிறது.

கொலை நடக்கும் கடைக்கு இரண்டு மூன்று உணவகங்களைக் கலந்துவிடுங்கள். ஒன்றிலிருந்து கிறீச்சிடும் சமையலறைக் கதவு, இன்னொன்றிலிருந்து சில்லறையை எண்ணாமல் விரலால் தள்ளும் கல்லாக்காரர். இதற்காக ஒரு மாலை முழுக்க அங்கே உட்கார்ந்து பாருங்கள். படங்களைப் பார்த்து எழுதினால் சத்தமும் வாசனையும் வராது.