தூங்காத தம்பி, திரும்பாத தாத்தா: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து மனக்காயம், மனச்சோர்வு பற்றி வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டோம். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தம்பிக்கு 17 வயது. மூன்று வாரத்துக்கு முன் செம்பனைத் தோட்டச் சாலையில் லாரி மோதி அவன் கூட்டாளி அவன் கண்ணெதிரே இறந்துபோனான். அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது. "நடந்ததை முழுக்கச் சொல்லி அழுதுவிடு, பாரம் இறங்கிவிடும்" என்று மாமா தினமும் உட்காரவைத்துக் கேட்கிறார். அவன் எழுந்து போய்விடுகிறான். என்ன செய்வது?

பதில்: மாமாவுக்கு இருப்பது அக்கறைதான். ஆனாலும் அந்த விசாரணையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லவைப்பது ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலும் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் சாலை விபத்தில் சிக்கியவர்களை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். அதன் மூன்றாண்டுத் தொடர் முடிவு 2000இல் வெளிவந்தது. தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள் மூன்று ஆண்டுக்குப் பிறகும் தேறாமல் இருந்தார்கள், அப்படிப் பேசவைக்கப்படாதவர்கள் தேறியிருந்தார்கள். இத்தகைய ஆய்வுகளை 2002இல் தொகுத்துப் பார்த்தபோதும், ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பதால் பயன் தெரியவில்லை. காயம் சூடாக இருக்கும்போதே கிளறுவதால் அந்தக் காட்சி இன்னும் ஆழமாகப் பதிந்துவிடலாம் என்பது ஒரு விளக்கம்.

அவனாகப் பேச வந்தால் கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் "அப்புறம்?" என்று தூண்ட வேண்டாம். வேளைக்குச் சாப்பாடு, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, முடிந்த அளவு பள்ளி, இந்த மூன்றும் முறையாக நடக்கட்டும். விபத்துக் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அவன் தொலைபேசியிலிருந்து அவனிடம் சொல்லிவிட்டே அழியுங்கள். வீட்டில் யாருடைய தூக்க மாத்திரையையும் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதல் மாதத்தில் டயசபாம் வகை மாத்திரை கொடுக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கோயிலில் மந்திரித்துத் திருநீறு போடுவது அவனுக்கு ஆறுதல் தந்தால் போடுங்கள். "செத்தவன் ஆவி பிடித்திருக்கிறது" என்று மட்டும் யாரும் அவன் காதில் போடக்கூடாது.

திடுக்கிடுதல், கெட்ட கனவு, அந்தச் சாலையைத் தவிர்ப்பது எல்லாம் முதல் மாதத்தில் பெரும்பாலோருக்கு வந்து தணிவதுதான். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது பள்ளியும் சாப்பாடும் நின்றுபோனால், அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லி மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். மனக்காயத்துக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் நடக்கும். அங்கே அவன் நடந்ததைச் சொல்லத்தான் போகிறான். ஆனால் பயிற்சி பெற்றவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, அவன் தாங்கும் அளவுக்குப் படிப்படியாகச் சொல்லவைப்பார். மாமா கேட்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கிளினிக் என்றதும் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் பேராக்கில் பல தலைமுறையாக இருக்கிறது. 1911இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையே இன்று வெளிநோயாளிகளைப் பார்த்து அன்றே வீட்டுக்கு அனுப்புகிறது.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 15555 அல்லது பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் 03-7627 2929 எண்ணை அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தற்கொலை முயற்சி இந்நாட்டில் 2023லிருந்து குற்றம் இல்லை. போலீஸுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். மறதி நோயுள்ள ஒரு பாட்டி, குளிப்பாட்டும்போது அடிப்பார், கடிப்பார். போன வாரம் நான் கத்தி, கையை முரட்டுத்தனமாகப் பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் பேசுவதுகூடக் காதில் ஏறுவதில்லை. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா?

பதில்: முதலில் கணக்கு. 12 மணி நேரம், ஆறு நாள் என்றால் 72 மணி. இடைவேளையைக் கழித்தாலும் அறுபதுக்கு மேல் நிற்கும். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டப்படி வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிதான். அதற்கு மேல் செய்வது கூடுதல் நேரம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்டவர்களுக்கு அதற்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வும் தர வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டையும் வேலை அட்டவணையையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம்.

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியல் ஆய்வாளர், பராமரிப்புத் தொழில்களில் வரும் இந்தச் சோர்வுக்கு மூன்று முகங்கள் இருப்பதாக 1981இல் வரையறுத்தார்: உணர்வு வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் பொருளாகப் பார்ப்பது, தான் செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் தெரிகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. அது முக்கியமான தீர்மானம் என்று நினைக்கிறோம். காரணம் வேலையில் இருக்கும்போது, மூச்சுப்பயிற்சியை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவைப்பது அநியாயம். மருத்துவர்களிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும், தனிமனிதப் பயிற்சிகளைவிட வேலை நேரத்தையும் முறையையும் மாற்றியதுதான் கூடுதல் பலன் தந்தது.

நோயாளிகள் பட்ட துன்பக் காட்சிகள் உங்கள் கனவில் வருகின்றனவா? அது வேறு வகை. பிறருடைய காயம் பராமரிப்பவர்மேல் படிவது. அதற்குக் கிளினிக் வழியாக உதவி தேட வேண்டும். வெறும் களைப்பும் எரிச்சலும் மட்டும் என்றால் ஓய்வும் வேலை மாற்றமும் முதலில்.

இனி அந்தப் பாட்டி. அடித்துக் கடிப்பதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ துணியை உருவுகிறார்கள், குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுகிறது, ஏன் என்று புரியவில்லை. அந்தப் பயத்துக்கு அவர் காட்டும் பதில் அது. இளவயதில் வீட்டிலோ வெளியிலோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உடை களையும் நேரம் இன்னும் கொடுமையாக இருக்கும். மறதி வந்தபின் காரணம் மறந்து பயம் மட்டும் மிஞ்சும். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கையிலேயே துண்டால் துடைத்துக் குளிப்பாட்டிய முறையிலும், அவரவர் விருப்பத்துக்கேற்ப ஷவரில் குளிப்பாட்டிய முறையிலும் முரட்டு நடத்தை பாதிக்கும் மேல் குறைந்தது.

துடைத்துக் குளிப்பாட்டுவது இப்படி. அறைக் கதவை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கழுவத் தேவையில்லாத சோப்புத் திரவத்தைச் சிறிதளவு வெதுவெதுப்பான நீரில் கலந்து ஒரு பெரிய துண்டையும் சில சிறு துண்டுகளையும் நனைத்துப் பிழியுங்கள். சூட்டை உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். பாட்டியைப் போர்வையால் மூடியபடியே உடையைத் தளர்த்தி, போர்வையை இழுத்துக்கொண்டே ஈரத்துண்டைப் போர்த்துங்கள். உடல் ஒரு நொடிகூடத் திறந்து கிடக்கக்கூடாது. துண்டின் மேலேயே மெதுவாக அழுத்தித் தேய்த்து, ஒரு பகுதி முடிந்ததும் உலர்ந்த துணியால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முகத்தைக் கடைசியில் வையுங்கள். பலருக்குச் சண்டை ஆரம்பிப்பதே முகத்தில் தண்ணீர் படும்போதுதான். "பாட்டி, இப்ப கையைத் துடைக்கிறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். மாலையில் பதற்றம் கூடும் நோயாளி என்றால் காலையிலேயே முடியுங்கள். எதிர்த்தால் நிறுத்திவிட்டு அரைமணி கழித்து வாருங்கள். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பது மருத்துவத் தேவை இல்லை.

கையை முரட்டுத்தனமாகப் பிடித்ததை மேற்பார்வையாளரிடம் நீங்களே சொல்லுங்கள். பாட்டியின் கையில் கன்றியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். அதே பேச்சில், அவரைக் குளிப்பாட்ட இருவர் வேண்டும், வாரம் முழுக்க ஒருவரே பார்க்காமல் முறைவைத்து மாற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 86 வயது. அவருடைய அப்பாவை 1943இல் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை. பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, திதியும் கொடுக்கவில்லை. அப்பா இதைப் பேசமாட்டார். ஆனால் கட்டிலுக்கடியில் அரிசியும் பிஸ்கட்டும் ஒளித்துவைக்கிறார். யாராவது வீடு வரப் பத்து நிமிடம் பிந்தினால் வாசலிலேயே நிற்கிறார். இந்தக் காயம் எங்கள் இரத்தத்திலும் வந்துவிட்டதா? இந்த வயதில் அவரைப் பேசவைக்கலாமா?

பதில்: உங்கள் பாட்டி கழற்றாத தாலிக்கு ஆய்வுலகில் ஒரு விளக்கம் இருக்கிறது. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், உடல் கிடைக்காத, செய்தி வராத இழப்பு மற்ற மரணங்களைப்போல் ஆறுவதில்லை என்று கண்டார். அழுதால் ஆளைக் கைவிட்டதுபோல் இருக்கும். காத்திருந்தால் வாழ்க்கை நகராது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போடவைத்த 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் செத்த மலாயாத் தமிழர்களின் வீடுகளில் பல, எந்த நாளில் எந்த முகாமில் என்று அறியாமலே இருந்தன. பாட்டியின் காத்திருப்பை மூடநம்பிக்கை என்றோ பிடிவாதம் என்றோ இனி வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

"இரத்தத்தில்" என்பதற்கு வருவோம். நாஜி இனப்படுகொலையில் தப்பியவர்கள் 32 பேரையும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரையும் வைத்து ரேச்சல் யெஹுதா குழு 2016இல் வெளியிட்ட மரபணு ஆய்வு உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக் காயம் இரத்தத்தில் இறங்குகிறது என்று முடிவுகட்ட முடியாது. அத்தகைய குடும்பங்களைப் பற்றிய பல ஆய்வுகளை 2003இல் தொகுத்தபோது, சிகிச்சை தேடி வராத சாதாரணப் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட பாதிப்பு தென்படவில்லை. உங்கள் வீட்டில் கைமாறியிருப்பது பழக்கங்கள்: வாசலில் நிற்பது, பேசாமலிருப்பது, பிந்தினால் பதறுவது. பழக்கம் என்றால் மாற்றலாம். பிந்தினால் ஒரு குரல்செய்தி அனுப்புவது என்று பிள்ளைகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அப்பா கேட்குமாறு அதைப் போட்டுக்காட்டுங்கள்.

அரிசிக்கு ஜப்பான்காலம் மட்டும்தான் காரணம் என்று முடிவெடுக்கவும் வேண்டாம். 1948 ஜூன் 16இல் உங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் மலாயாவில் வந்தது. அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயதிருக்கும். அதன் பிறகு ஊரடங்கு, முள்வேலி, அரிசிப் பங்கீடு. எது எதனால் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒளித்த உணவைத் தூக்கியெறியாதீர்கள். மூடியுள்ள டப்பா ஒன்றை அவர் பெயரிலேயே கொடுத்து, வாரம் ஒருமுறை அவரோடு சேர்ந்து பழையதை எடுத்துப் புதியதை வையுங்கள். இந்தப் பழக்கம் அண்மையில்தான் தொடங்கியது என்றால் மட்டும் மறதி நோய்ப் பரிசோதனை அவசியம்.

பேசவைப்பது அவர் விருப்பம். "தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காமல், பகலில், சாப்பிட்ட பிறகு, "அந்த லயத்தில் நம்ம வீடு எது? மரவள்ளிக்கிழங்கை எப்படிச் சமைப்பாங்க?" என்று தொடங்குங்கள். இருபது நிமிடம் போதும். இரவில் வேண்டாம். பேசிய அன்று அவரைத் தனியே படுக்கவிடாதீர்கள். அவர் சொல்லும் பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு ஆகியவற்றை எழுதிவையுங்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்பா சம்மதித்தால் இந்தப் புரட்டாசியில் செய்யலாம். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் தாதியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: இரவில் ஒரு விளக்கு எரியட்டும், கையைக் கட்டக்கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். பழைய மாணவி ஒருத்தி, தொலைபேசியில் வந்த "குழந்தைப்பருவக் காயம்" பத்துக் கேள்வியில் ஆறு மதிப்பெண் வந்ததாம். "இனி என் வாழ்க்கை அவ்வளவுதான் டீச்சர்" என்கிறாள்.

பதில்: அந்தக் கேள்விகளுக்கு அடிப்படை, வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு. அதன் முடிவுகள் 1998இல் வெளிவரத் தொடங்கின. மதிப்பெண் கூடக் கூட நோய்களும் கூடின என்பது உண்மை. ஆனால் அது மக்கள்கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020இல் ஆண்டாவே எழுதினார். எத்தனை வயதில், எவ்வளவு காலம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் அந்த எண் கேட்பதில்லை. தோட்டத்தை விற்று வீட்டைக் காலிசெய்யச் சொன்னது, அடையாளக் கார்டு இல்லாமல் வளர்ந்தது போன்றவை அதில் இல்லவே இல்லை.

2000இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, காயத்துக்குப் பின் மனக்காய நோய் வருவதற்கு, முன்பிருந்த குறைகளைவிடப் பிறகு ஆதரவில்லாமல் போனதும் புதிய சுமைகள் சேர்ந்ததும் சற்று வலுவான காரணங்கள் என்று கண்டது. அவள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். "எந்தக் கேள்விக்கு ஆமாம்னு போட்டே?" என்று கேட்காதீர்கள். "இப்ப எது கஷ்டமா இருக்கு? தூக்கமா, வீடா, வேலையா?" என்று கேளுங்கள். இன்னும் அதே வீட்டில் அடி நடக்கிறது என்றால் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை இருவருமாக அழையுங்கள்.

கேள்வி: "கவுன்சலர்" என்று பலகை மாட்டியவர்கள் இங்கே பெருகிவிட்டார்கள். யாரை நம்புவது?

பதில்: 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். பதிவு எண்ணையும் நடப்புத் தொழில் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். முதல் சந்திப்பில் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எவ்வளவு, நான் சொல்வதை எந்தச் சூழலில் வெளியே சொல்ல நேரும். மூன்றாவதற்குத் தெளிவான பதில் தராதவரிடம் மறுபடி போகாதீர்கள். பணம் இல்லாதவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி.