மந்தமான சந்தையில் பழைய தனி வீட்டை விற்பதற்கு எப்படித் தயார் செய்வது?

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுப் பழைய தனி வீடு. ஆறு மாதமாக விளம்பரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிறகு பேச்சே இல்லை. நான்கைந்து லட்சம் செலவழித்து மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டு, வீட்டை அலங்கரித்துக் காட்டினால் விலைபோகுமா?

பதில்:

ஏறத்தாழ இதே நிலையில் நான் 2017ஆம் ஆண்டில் இருந்தேன். குரோம்பேட்டையில் 1,500 சதுர அடி மனையில் அப்பா 1991இல் கட்டிய வீடு அது. அப்பா காலமான பிறகு அம்மா என்னுடன் பெங்களூருக்கு வந்துவிட்டதால், வீட்டைப் பூட்டி வைத்திருந்தோம். தை பிறந்ததும் விற்பனைக்குக் கொடுத்தோம். அதைவிட மோசமான நேரத்தைத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. 2017 ஜூனில் அரசு, பத்திரப் பதிவுக்காகத் தான் நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. ஆடி மாதம் வருவதற்குள் பதினோரு குடும்பங்கள் வந்து பார்த்தன. ஒருவர் மட்டும் முன்பணம் கொடுத்து, ஒரே மாதத்தில் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு விளம்பரத்தை நிறுத்திவிட்டு வீட்டைச் சரிசெய்து, அடுத்த தையில் மறுபடியும் காட்டத் தொடங்கி, 2018 மே மாதத்தில் 84 லட்சத்துக்குப் பத்திரம் முடித்தோம். முதலில் கேட்டது 92 லட்சம்.

உங்கள் வீட்டை யார் வாங்கப்போகிறார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சந்தை சூடாக இருக்கும்போது பழைய தனி வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறவர். அவருக்கு மனையின் அகலமும் சாலையின் அகலமும் போதும், சுவரின் நிறம் தேவையில்லை. சந்தை மந்தமானதும் முதலில் ஒதுங்கிக்கொள்கிறவரும் அவரே. மிஞ்சி நிற்பது, வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக நினைக்கும், வங்கிக் கடனை நம்பியிருக்கும் குடும்பம். அந்தக் குடும்பத்தின் கணக்கை நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்த்தால், எதற்குச் செலவழிக்க வேண்டும், எதற்குக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிகச் சிறிய வீடுகளைத் தவிர மற்றவற்றுக்குப் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. 84 லட்சத்தில் 80 சதவீதம் 67 லட்சத்து 20 ஆயிரம். மீதி 16 லட்சத்து 80 ஆயிரத்தை வாங்குகிறவர் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 4 சதவீதமுமாக அன்று ஏறக்குறைய 9 லட்சத்து 24 ஆயிரம் பத்திரச் செலவு. ஆக 26 லட்சத்துக்கு மேல் கைக்காசு. (2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது, அப்படிப் பார்த்தாலும் 24 லட்சத்துக்குக் குறையாது.) நகையை அடகு வைத்து, வருங்கால வைப்பு நிதியில் எடுத்து, மாமனாரிடம் கைமாற்று வாங்கி இந்தத் தொகையைப் புரட்டுகிற மனிதர், குடிபோனதும் குளியலறையை உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் என்ன செய்வார்? 60 ஆயிரம் ரூபாய் வேலைக்காக 84 லட்சம் ரூபாய் வீட்டை ஏன் விடுகிறார்கள் என்று நான் முதலில் எரிச்சல்பட்டேன். 84 லட்சத்தில் பெரும்பகுதி வங்கியின் பணம், அந்த 60 ஆயிரம் அவருடைய சொந்தப் பணம், அதுவும் கையில் இல்லாத பணம் என்பது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆயிற்று.

ஆகவே, வீட்டை அழகாக்குவதைவிட, வாங்குகிறவர் குடியேறிய முதல் ஆண்டில் பையில் கைவிட வேண்டியிராத நிலைக்கு வீட்டைக் கொண்டுவருவதே உங்கள் வேலை. இதில் முதலிடம் ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஊறும் ஈரத்துக்குத்தான். எங்கள் படுக்கையறைச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. தரகர் சொன்னபடி, முதல் தடவை அதன்மேல் பட்டி பார்த்து வண்ணம் அடித்தோம். மூன்றே மாதத்தில் முன்னைவிட அசிங்கமாகத் திரும்பி வந்தது. சுவருக்கு மறுபக்கம் குளியலறை. அங்கே தரை ஓடுகளின் இணைப்புகளிலும் கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலும் கசிவு இருந்தது. அதை உடைத்து, நீர்க்காப்புப் பூச்சு கொடுத்து, ஓடு பதித்து, சுவர் காய ஒன்றரை மாதம் விட்ட பிறகுதான் அடுத்த முறை பட்டியைத் தொட்டோம். மொட்டைமாடியிலும் இதே கதை: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே பதித்திருந்த தளவோடுகளின் இடுக்குகளில் செடி முளைத்திருந்தது. இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம்.

இந்த வேலைகளுக்கு ஒரு பருவக் கணக்கு இருக்கிறது. சென்னையில் வீடு உள்ளவர்கள் ஆவணி, புரட்டாசியில் நீர்க்கசிவு வேலைகளை முடித்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழை அதைச் சோதிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். கசிவு நின்றிருந்தால் மார்கழியில், எப்படியும் வீடு பார்க்க யாரும் வராத அந்த மாதத்தில், பெயிண்ட் அடித்துத் தையில் திறந்து காட்டலாம். மழைக்கு முன் அடித்த புதுப் பெயிண்டை விவரம் தெரிந்த எவரும் நம்புவதில்லை. எதையோ மறைக்க அடித்ததாகவே நினைப்பார்கள். நிறம் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. உள்ளே வெள்ளைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்று. வரவேற்பறையில் ஒரு சுவருக்கு மட்டும் கருஞ்சிவப்பு அடிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மொசைக் தரை இருந்தால் அதைப் பெயர்த்து வேறு தரை போடாதீர்கள். இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்ற எங்களுக்கு 18 ஆயிரம் ஆயிற்று. வீடு பத்து வயது குறைந்தது. குளியலறையும் மாடியும் சேர்த்து 85 ஆயிரம், பெயிண்ட் 70 ஆயிரம், மோட்டார், சுவிட்சுகள், கொசுவலை, கரையான் மருந்து போன்றவற்றுக்கு 17 ஆயிரம். மொத்தம் 1 லட்சத்து 90 ஆயிரம்.

பணம் கேட்காத ஒரு வேலையைத்தான் நாங்கள் முதலில் முற்றிலும் கவனிக்காமல் விட்டிருந்தோம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடிக்கும். அடைபட்ட காற்று என்று நாங்கள் நினைத்தோம். பிளம்பர்தான் சொன்னார்: குளியலறை, சமையலறை வடிகால்களில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும், ஆள் புழங்காத வீட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிட, நாற்றம் நேராக வீட்டுக்குள் வரும். எதிர்வீட்டு அக்காவிடம் சாவி இருந்தது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னோம், வாடை போய்விட்டது. யாராவது பார்க்க வருகிற அன்று காலை அவரே வாசல் தெளித்துக் கோலமும் போட்டுவிடுவார். நாங்கள் செய்த அலங்காரங்களில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன், அதை நாங்கள் கேட்கவே இல்லை என்றபோதும்.

சாமான்களைப் பொறுத்தவரை, முழுக்கக் காலி செய்யாதீர்கள். வெற்று அறை சிறிதாகத் தெரியும். கட்டில் போட்டால் இடம் இருக்குமா என்று வருகிறவர் சந்தேகப்படுவார். ஒரு கட்டில், ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேசை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று இரும்பு பீரோக்களையும் பரண்களில் இருந்த அத்தனையையும் அப்புறப்படுத்தினோம். பரணைக் காலியாகக் காட்டுவது முக்கியம். குடும்பம் நடத்துகிறவர்கள் நிமிர்ந்து அதைத்தான் பார்க்கிறார்கள். கூடத்தில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டிலேயே தவறிப்போனாரா என்று ஒருவர் அம்மாவிடமே கேட்ட பிறகு, அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவே அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெங்களூருக்கு எடுத்து வந்தார். பூஜையறையை மட்டும் கலைக்கவில்லை.

வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கென்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு விடை தயாராக இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் அது 2015 டிசம்பர் வெள்ளம். வந்தவர்கள் எல்லோரும், சிலர் உட்காரும் முன்பே, தண்ணீர் வந்ததா என்று கேட்டார்கள். வரவே இல்லை என்று சொல்லும்படி தரகர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். தெருவில் முழங்காலளவு நின்றது, எங்கள் வாசலில் இரண்டு படி கீழே நின்றுவிட்டது என்பதே உண்மை. அன்று என் தங்கை எடுத்த புகைப்படத்தை அச்சிட்டு, கேட்டவர்களிடம் காட்டினோம். தெருவில் நான்கு பேரை விசாரித்தால் தெரிந்துவிடுகிற செய்தியில் பொய் சொல்வது, மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். அதேபோல ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். முந்தின நாளே மேல்நிலைத் தொட்டியைக் கழுவி வையுங்கள்.

அடுத்தது காகிதங்கள். இதை வீட்டைத் தயார் செய்வதில் ஒரு பகுதியாக யாரும் எண்ணுவதில்லை. எங்களுக்கு வந்த முன்பணம் திரும்பிப் போனது இதனால்தான். 2003இல் மாடியில் கட்டிய அறைக்கு வரைபட அனுமதி இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற கட்டடத்துக்கு மட்டும் மதிப்புப் போட்டார். கடன் தொகை குறைந்தது. வாங்க வந்தவர் நாங்கள் அதை மறைத்ததாக நினைத்தார். உண்மையில் எங்களுக்கே நினைவில்லை. பட்டாவும் அப்பா பெயரிலேயே இருந்தது. இரண்டாம் முறை காட்டத் தொடங்குமுன் வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டாவையும் சொத்து வரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றி, தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு அங்கீகாரம், வரைபட அனுமதி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பாக வைத்தோம். முதல் பக்கத்தில், மாடி அறைக்கு அனுமதி இல்லை என்று நாங்களே எழுதி ஒட்டினோம். வீடு பிடித்தவர்களிடம் அன்றே நகல் கோப்பைக் கொடுத்துவிடுவோம். வழக்கறிஞரிடமும் வங்கியிடமும் காட்டிவிட்டு வந்து விலை பேசட்டும் என்போம். கடைசியில் வாங்கிய தம்பதி, பல்லாவரத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் இரண்டாம் முறை வந்ததாகச் சொன்னார்கள்.

விலையில் நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். நான்கு தரகர்களிடம் சொல்லியிருந்தோம். ஒரே வீடு இணையத்தில் 88, 92, 95 என்று மூன்று விலைகளில் கிடந்தது. பார்க்கிறவர் 88இலிருந்து பேரத்தைத் தொடங்கினார். மாதங்கள் ஓட, இன்னுமா விற்கவில்லை, ஏதோ வில்லங்கம் இருக்கும்போல என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் முறை பழைய விளம்பரங்களை எல்லாம் நீக்கச் சொல்லி, ஒரே தரகரிடம், காலை வெளிச்சத்தில் எடுத்த புதுப் படங்களோடு 87 லட்சம் என்று போட்டோம். அந்தத் தெருவில் அண்மையில் பத்திரமான விலையை ஒட்டிய தொகை அது. 84இல் முடிந்தது.

மாடுலர் கிச்சனுக்கு இப்போது வருகிறேன். அதை நீங்கள் உங்கள் விருப்பத்துக்குப் போடுவீர்கள்; வாங்குகிறவர் தம் விருப்பத்துக்கு மாற்றுவார்; வங்கி மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். ஃபால்ஸ் சீலிங் அதைவிட மோசம். பழைய வீட்டில் தளத்தை மூடினால், அங்கே விரிசலோ கசிவோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்த நான்கைந்து லட்சத்தில் பாதியைக் குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் பெயிண்டுக்கும் ஒதுக்குங்கள். சமையலறையில் குழாயையும் சிங்க்கையும் மாற்றி, மேடைக் கல்லை மெருகேற்றினால் போதும். மீதியைத் தொடாமல் வைத்திருங்கள். பேரத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரும்போது அது கைகொடுக்கும்.